முச்சந்திக் குப்பைத்தொட்டி

சன்னாசி மட்டும் கையைத் தூக்கவில்லை.

புக்கிட் ரோத்தான் ஊருக்கு வெளியே இருந்த அந்தக் குடியிருப்பில் மற்ற எல்லாரும் உடனே சம்மதித்துவிட்டார்கள். முச்சந்தியில் நிற்கும் பெரிய இரும்புக் குப்பைத்தொட்டி போய்விடும். இனி ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் லோரி வந்து குப்பையை எடுக்கும். எங்கிருந்தோ வந்து கொட்டிவிட்டுப் போகிறவர்களின் மெத்தையும் கோழிக் கழிவும் அதோடு ஒழியும்.

"அது அங்கயே இருக்கட்டும்மா. பழகிப் போச்சு" என்றார் சன்னாசி. செம்பனை ஆலையில் லோரி ஓட்டுகிறவர். யார் எவ்வளவு கேட்டும் அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை.

கூட்டத்தை நடத்திய நகராண்மைக் கழக அதிகாரி குமுதாவின் மண்டையை அது குடைந்துகொண்டே இருந்தது.

தொட்டிக்கு நேர் எதிர் வீடு சன்னாசியுடையது. ஈயும் நாற்றமும் முதலில் நுழைவது அங்கேதான். போன வருஷம் வரை அடிக்கடி போன் போட்டு, தொட்டியை எப்போது எடுப்பீர்கள் என்று சத்தம் போட்டவரும் அவர்தான்.

இப்போது என்ன வந்தது?

ஏதாவது சாப்பாட்டுக் கடைக்காரனுக்கு உள்கையா? பழைய இரும்பு பொறுக்கி விற்கிறாரா? வேறு ஏதாவதா?

மறுநாள் விடிந்ததும் குமுதா சீருடை போடாமல் தன் சொந்தக் காரில் வந்தாள். தொட்டிக்குப் பின்னால், செம்பனை வரிசை தொடங்குகிற மண்பாதையில் ஓரமாக நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். ஏற்றியும் நாற்றம் உள்ளே வந்தது. ஒரு குரங்கு தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து பப்பாளித் தோலை நிதானமாக ஆராய்ந்துகொண்டிருந்தது.

சன்னாசி வீட்டு கேட் திறந்தது.

வந்தது அவர் இல்லை. அவர் மனைவி நாகமணி. கையில் கட்டிய கறுப்புப் பிளாஸ்டிக் பை.

பையை அவள் தொட்டிக்குள் போடவில்லை. தொட்டியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்து நின்றாள். ஆளுயரத்துக்கும் மேலான அந்த இரும்பு, அவளை வீட்டுப் பக்கத்திலிருந்து முழுசாக மறைத்துவிட்டது.

தொட்டிக்கு வெளியே குப்பை வைத்தால் அபராதச் சம்மன். குமுதா படம் பிடிக்கக் கைப்பேசியை உயர்த்தினாள்.

அப்போது அவள் காரை உரசுவதுபோல் ஒரு மோட்டார் சைக்கிள் போய் நின்றது. ஓட்டி வந்தது ஓர் இளம்பெண். முன்னால் பிடியைப் பற்றியபடி ஒரு குழந்தை நின்றிருந்தது.

வண்டி ஓய்வதற்குள் நாகமணி குழந்தையை வாரிக்கொண்டாள். அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். அது கூச்சம் தாங்காமல் கெக்கலித்துச் சிரித்தது. கிழிந்த சோபாவுக்கும் அழுகிய மீன்தலைகளுக்கும் நடுவில் நின்று மூன்று பேரும் கொஞ்சிக்கொண்டார்கள். கறுப்புப் பைக்குள்ளிருந்து ஒரு தூக்குச்சட்டியும் மடித்து வைத்த சின்ன கவுனும் வெளியே வந்து வண்டியின் கூடைக்குள் போயின.

குமுதா கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டாள்.

வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகுதான் காரைவிட்டு இறங்கினாள். வந்திருப்பது யாரென்று தெரிந்ததும் நாகமணிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என் மகதாம்மா. அவரு பாத்த மாப்பிள்ளைய வேணான்னுட்டு ஜெராம் ஊர்ல ஒருத்தரக் கட்டிக்கிட்டா. அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன், நீயும் முழிக்கக் கூடாதுன்னு சாமி படத்துக்கு முன்னால சத்தியம் பண்ணிட்டாரு. குப்ப போடுறேன்னு சொல்லித்தான் இப்ப ஒரு வருஷமா நான் இங்க வரைக்கும் வர்றேன்."

வாசலுக்கே லோரி வந்துவிட்டால் அந்தச் சாக்கும் போய்விடும்.

குமுதா தொட்டியைப் பார்த்தாள். அதை எடுக்காமல் இருக்க முடியாது. உத்தரவு வந்தாயிற்று. ஆனால் திட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. பழைய பேப்பர், புட்டி, டின் எல்லாம் போட ஒரு மறுசுழற்சிக் கொட்டகை. அதை எங்கே கட்டுவது என்று முடிவு செய்யும் பொறுப்பு அவளிடம்தான் இருந்தது. விளையாட்டுத் திடல் ஓரமாக இருக்கட்டும் என்று நினைத்து வைத்திருந்தாள்.

"தொட்டி போயிரும் ஆன்ட்டி. ஆனா இதே எடத்துல ஒரு கொட்டகை கட்டச் சொல்றேன். மூணு பக்கமும் தகரம் அடிச்சிருக்கும். நாத்தமும் இருக்காது லா. பழைய பேப்பர் போடப் போறேன்னு நீங்க பாட்டுக்கு வரலாம்."

நாகமணி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. வீட்டுப் பக்கம் காட்டிக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவருக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாதும்மா."

குமுதா தொட்டியின் ஓரமாகத் தலையை நீட்டிப் பார்த்தாள்.

எதிர் வீட்டு வாசலில் சன்னாசி தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தார்.