எதிர்க்கடைக்காரரின் பிரச்சாரம்

செகந்திராபாத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் மணிவண்ணன் எம்.பி. ஆகிவிட்டார். முதல் மாலையைப் போட்டவர் எதிர்க்கடைக்காரர் வேதாசலம்.

"இத்தனை வருஷமா எனக்குப் போட்டியா கடை நடத்துறீங்க. எனக்காகத் தெருத்தெருவா ஓட்டுக் கேட்டீங்களே, ஏங்க?"

வேதாசலம் சிரித்தார். "இனிமே நீங்க டெல்லியில இருப்பீங்க. உங்க கஸ்டமரெல்லாம் என்கிட்டதானே வரணும்?"

மணிவண்ணனுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. "நான் கல்லாவில உட்கார்றதோட சரிங்க. கொள்முதல், விலை, வியாபாரம் எல்லாமே என் வீட்டுக்காரிதான். நான் வாயைத் திறந்தா வந்தவங்களும் எழுந்து போயிடுவாங்க."

வேதாசலத்தின் சிரிப்பு நின்றது. அதற்குள் மணிவண்ணனின் மனைவி சுமலதா லட்டுத் தட்டோடு வந்தார்.

"ரொம்ப நன்றிண்ணா. நானும் இதுக்குத்தான் வீடு வீடா ஏறி இறங்கினேன். நீங்களும் சேர்ந்ததாலதான் இவரைக் கடையை விட்டுக் கிளப்ப முடிஞ்சுது."