சின்னவளுக்குக் கிடைத்த பெயர்

தன் ஓரகத்தியை வேறு வகுப்புக்கு மாற்றச் சொல்லித் தலைமை ஆசிரியையிடம் கேட்டபோது பெரியவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டாள்.

காரணம் கேட்டார்கள். ஒரே வகுப்பில் இரண்டு புது ஆட்கள் இருந்தால் குழந்தைகள் குழம்பிப்போகிறார்கள் என்று அளந்துவிட்டாள். வேறென்ன சொல்வது? எட்டு வயதுப் பெண் ஒருத்தி தனக்குப் பெயர் வைக்கவில்லை என்று ஐம்பத்திரண்டு வயதில் வயிறெரிகிறது என்றா சொல்ல முடியும்?

காது கேட்காத, கண் தெரியாத குழந்தைகளுக்கான பள்ளி அது. பெரியவள் கடல் தாண்டி வந்து அங்கே சம்பளமில்லாமல் வேலை செய்கிறாள். ஊரில் முப்பது வருஷம் தையல்காரி. இங்கே குழந்தைகளுக்குப் பொத்தான் போடவும், ஜிப் இழுக்கவும், நாடா முடியவும் கற்றுக்கொடுக்கிறாள். வந்து ஏழு மாதம் ஆகிறது.

அந்தக் குழந்தைகளில் ஒருத்திக்குக் கண், காது இரண்டுமே கிடையாது. பெரியவள் அவளைக் குட்டி என்பாள். குட்டியிடம் யாரும் போய்த் தன் பெயரைச் சொல்ல முடியாது. அவளாகத் தடவிப் பார்த்து ஓர் அடையாளம் பிடித்துக்கொண்டால் அதுதான் அந்த ஆளுக்குப் பெயர். பசித்தால் பெரியவளின் மோவாயைத் தேய்ப்பாள். தாடிக்காரச் சமையற்காரர் எங்கே என்று அர்த்தம். தலைமை ஆசிரியைக்கு மணிக்கட்டில் ஒரு பிடி, தடியான கைக்கடிகாரத்துக்காக. காவலாளிக்கு வயிற்றில் ஒரு தட்டு. அதற்கு விளக்கம் வேண்டாம்.

பெரியவளுக்கு மட்டும் ஒன்றுமில்லை. காலையெல்லாம் குட்டி அவளை ஒட்டிக்கொண்டுதான் உட்காருவாள், சொன்னதைச் செய்வாள். பெயர்தான் வரவில்லை. பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கட்டுமே என்று பெரியவள் ஒரு வாரம் தடித்த வளையல் ஒன்றை மாட்டிக்கொண்டுகூடத் திரிந்தாள். குட்டி அதை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் பொத்தானைத் தேடினாள்.

அந்த நேரத்தில்தான் ஓரகத்தி, சின்னவள், ஆபீஸில் மூன்று மாதம் லீவு போட்டுவிட்டு வந்து இறங்கினாள். நீங்க அனுப்பின போட்டோவைப் பார்த்ததும் எனக்கும் ஆசை வந்துடுச்சுக்கா என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பெரியவளுக்கு அப்போதே சுருக்கென்றது. புகுந்த வீட்டிலும் இதே கதைதான். பன்னிரண்டு வருஷம் இவள் ஆக்கிப்போட்ட வீட்டில், வந்த இரண்டாம் நாளே அவள் மாமியாருக்குச் செல்லமாகிவிட்டாள்.

மத்தியான விளையாட்டு நேரத்தைச் சின்னவளிடம் கொடுத்தார்கள். பெரியவளுக்கு அது ஓய்வு நேரம். எங்கே ஓய்வெடுத்தாள்? விளையாட்டு அறை வாசலில் போய் நிற்பாள். சின்னவள் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்திருப்பாள். குட்டி தடவிக்கொண்டே வந்து அவள் மடியில் ஏறுவாள். அவளுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து, நுனியை இரண்டு தடவை அழுத்துவாள்.

சின்னவளுக்கு நீள நீளமான நகம். வந்த பத்தே நாளில் பெயர் வாங்கிவிட்டாள்.

அதன்பிறகு பெரியவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தினமும் போவாள், நிற்பாள், வெந்துபோய்த் திரும்புவாள். ஒருநாள் அந்த விரல் அழுத்தலை எண்ணிக்கூடப் பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் ஏழு தடவை. அதற்கு மேல் தாங்காமல்தான் தலைமை ஆசிரியையின் அறைக் கதவைத் தட்டினாள்.

சாயங்காலம் சின்னவள் இவள் அறைக்கு வந்தாள். முகத்தில் கோபமில்லை. அதுவே பெரியவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"நாளையிலேருந்து நான் வேற வகுப்பாம்க்கா. பரவாயில்ல, எங்கே இருந்தா என்ன. ஒண்ணே ஒண்ணு, மத்தியானம் நீங்க கொஞ்சம் தூக்கத்தை விட்டுட்டு குட்டிகூட வந்து உட்காருங்க. என்னைப் படுத்தி எடுத்துட்டா."

"உன்னையா? உனக்குத்தான் ஆசையா பேரே வெச்சிருக்காளே." பெரியவளுக்கு வாய் அடங்கவில்லை. தன் விரல் நுனியை இரண்டு தடவை அழுத்தியும் காட்டினாள்.

சின்னவள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அது என் பேரு இல்லக்கா. உங்க பேரு."

பெரியவளின் விரலை இழுத்து நுனியைத் தடவினாள். முப்பது வருஷமாக ஊசி குத்திக் காய்த்துப்போன இடம்.

"இந்தக் காய்ப்புதான். முதல் நாள் எனக்கும் புரியல, தலைமை டீச்சர்கிட்டதான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்."

ஏழு மாதத்தில் தன்னிடம் ஒரு தடவைகூடக் குட்டி அப்படிச் செய்யவில்லையே என்றாள் பெரியவள்.

"உங்க பக்கத்துல உட்கார்ந்துகிட்டு உங்க பேரையே எதுக்குக்கா உங்ககிட்ட சொல்லப்போறா? நீங்க இல்லாதப்பதான் கேப்பா, எங்கேன்னு. தூங்குறாங்க, நாளைக்குக் காலையில வருவாங்கன்னு நானும் தினமும் அவ கையில சைகை பண்ணிச் சொல்லிப் பார்க்கிறேன். கேட்டாத்தானே."



எங்கே, எங்கே என்று அந்தக் குழந்தை தன்னைக் கேட்ட ஒவ்வொரு தடவையும், நாலடி தள்ளி வாசலில் நின்று வயிறெரிந்துகொண்டிருந்தது பெரியவளேதான்.