மணிச் சத்தத்துக்கு வந்தவர்கள்

"நான் ஒரு உலுக்கு உலுக்கினா இந்த பிளெய்ன்ஸ்பரோ ஊரே நம்ம வாசல்ல வந்து நிக்கும்டா!"

மார்பில் குறுக்கே போட்டிருந்த, வெண்கல மணிகள் கோத்த மாலையைத் தட்டிக் காட்டினார் வெங்கடாசலம்.

நேபாளத்து மலைச் சாமியாடிகள் ஆவிகளை அழைக்கக் கட்டிக்கொள்ளும் மாலை. பழம்பொருள் சந்தைகளில் அலைந்து ஒரு சுவர் நிறையச் சேர்த்திருந்தார். ஒவ்வொன்றையும் பனிச்சிறுத்தையோடு மல்லுக்கட்டிப் பிடுங்கியதாகத்தான் சொல்வார்.

மகன் முகிலன் ஷூ மாட்டிக்கொண்டே சிரித்தான். "எதிர்வீட்டுல யாருன்னே எனக்குத் தெரியாது. பகல்ல இந்த பில்டிங்ல ஈ, காக்கா இருக்காதுப்பா. யாரு வருவா?"

அமெரிக்கக் கம்ப்யூட்டர்களில் தேதியை 2000-க்குத் தயாராக்கும் ஒய்2கே வேலை. அவன் ரயிலுக்கு ஓடினான். மருமகள் முன்பே கிளம்பிவிட்டாள்.

இனி இருட்டும்வரை ஃபிரிட்ஜ் மட்டும்தான் பேசும்.

ஒரே ஒரு ஆள் வந்தால் போதும் அவருக்கு. ஆவியானாலும் பரவாயில்லை, காபி போட்டுக் கொடுப்பார்.

சாமியாடி ஆவியை அழைக்கப் புகை வேண்டும். காய்ந்த வாணலியில் சாம்பிராணியை அள்ளிப் போட்டார்.

வருகிறவர் நுழைய வாசல் திறந்திருக்க வேண்டும். அகலத் திறந்துவைத்தார்.

ஆடினார். இமயமலை இரண்டடி நகர்ந்து உட்கார்ந்திருக்கும். அப்படி ஓர் ஆட்டம்.

புகை நடைவழிக்குப் போனது. கட்டடத்தின் தீ அலாரம் அலறியது.

கதவுகள் திறந்தன.

அவரோடு எல்லோரும் பார்க்கிங் பனியில் வந்து நின்றார்கள். சேலைக்கு மேல் மகனின் ஜாக்கெட், வேட்டிக்குக் கீழே மருமகளின் பூட்ஸ், ஒருவர் கையில் பாதி உரித்த பூண்டு. தமிழ், தெலுங்கு, குஜராத்தி. எல்லாமே நரைத்த தலைகள்.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் இருமறது நீங்கதானா?" என்று அவரைக் கேட்டார் ஓர் அம்மாள்.

தீயணைப்பு வண்டி வந்து, திட்டிவிட்டுப் போயிற்று. யாரும் உள்ளே போகவில்லை. மணி முதலில் அடித்ததா, அலாரம் முதலில் அடித்ததா என்று வெங்கடாசலம் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். மணிதானாம்.

அபார்ட்மென்ட் ஆபீஸிலிருந்து போன் போய், முகிலன் அரக்கப்பரக்க வந்து சேர்ந்தான். கத்துவதற்காக வாயைத் திறந்தான்.

அப்பாவைச் சுற்றியிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"நீங்க சொன்னது நடந்துடுச்சுப்பா" என்றான், மெதுவாக. "இத்தனை பேரும் உள்ளதான் இருந்தாங்களா?"