துருப் பிடிக்காத மூளை

“எவன் அவன்? என் தம்பி மாத்திரையை நிறுத்தச் சொன்ன அந்த மேதாவி எவன்? என் கையில மட்டும் கிடைச்சான், கையை ஒடிச்சு அடுத்த கட்டில்ல படுக்க வெச்சிடுவேன்!”

ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். பழைய மெஷின்களை வாங்கி விற்கிற மனுஷர். ஊருக்கெல்லாம் அவர் மெஷின்காரர்தான். மெல்லப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

உட்கார்ந்தார். எழுந்தார். கடிகாரத்தை முறைத்தார். அது நகர்ந்தால்தானே.

“ஏம்மா, வாயில பூட்டா போட்டிருக்கு? யாருன்னு சொல்லேன்!”

தம்பி மனைவி கணவனின் அழுக்குச் சட்டையை மடியில் சுருட்டி வைத்திருந்தாள். தலை நிமிரவில்லை. “யாரோ சொன்னாங்களாம் மாமா.”

“யாரோ சொன்னா இவன் புத்தி எங்க போச்சு? நீதான் என்ன பண்ணிட்டிருந்தே?”

“பத்துத் தடவை சொல்லிட்டேன். கேக்கல.”

மெஷின்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டறையில் தம்பியின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி, வாய் ஒரு பக்கம் கோணிப்போய் இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகவில்லை. இங்கே வந்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது போடுறாரா?”

“ஒரு வேளை தவறமாட்டான் டாக்டர். அதுக்கு நான் கேரண்டி!” என்று இவர் நெஞ்சைத் தட்டினார்.

அப்போதுதான் இவள் குறுக்கே வந்து விழுந்தாள். “இல்ல டாக்டர், பன்னண்டு நாளா போடல.”

நாலு பேர் முன்னால் மானம் போயிற்று. நாற்பது வருஷமாகச் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்காதவர். பேரத்தில் ஒரு ரூபாய் இறங்கமாட்டார், பேச்சில் ஒரு எழுத்து இறங்கமாட்டார்.

கதவு திறந்தது. டாக்டர் வந்தார்.

“மூளையில அடைச்ச ரத்தக்கட்டி கரைஞ்சிட்டு வருது. கை அசைய ஆரம்பிச்சிடுச்சு.”

மெஷின்காரர் பொத்தென்று நாற்காலியில் விழுந்தார்.

“உங்க கேரண்டியை நம்பியிருந்தா கட்டியைக் கரைக்கிற ஊசியையே போட்டிருக்க மாட்டோம். மாத்திரை உடம்புல இருக்கும்போது அதைப் போட்டா மூளையில ரத்தம் கசியலாம். இந்தம்மா உண்மையைச் சொன்னதாலதான் போட்டோம்.”

நெஞ்சைத் தட்டிய கையை மெஷின்காரர் மடியில் இறக்கிக்கொண்டார்.

“ஆனா எங்களுக்கு ஒரு தலைவலி. ஸ்கேன் பார்த்துட்டு அந்த மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கணும். இல்லேன்னா இன்னொரு கட்டி வரும், அது இவ்வளவு சாதுவா இருக்காது. இவரோ இப்பவே வேண்டாம்னு தலையாட்டுறார். இதுதான் வேணுமாம்.”

டாக்டர் உள்ளங்கையை விரித்தார். அடர் ஊதா நிறத்தில் ஒரு காப்ஸ்யூல்.

“பழத்துலேர்ந்து எடுத்த ஆன்டி ஆக்சிடன்ட். ரத்த ஓட்டம் குறைஞ்சா மூளை கெட்டுப் போகாம இதெல்லாம் காப்பாத்துமான்னு எலிகளை வெச்சுப் பார்த்துட்டிருக்காங்க. பார்க்கட்டும். ஆனா கட்டி வர்றதை இது தடுக்காது. மூளை துருப் பிடிக்காதுன்னு யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க. துருவுக்கு எண்ணெய் போடலாம் சார். குழாயே அடைச்சுக்கிட்டா எண்ணெய் என்ன பண்ணும்? அந்த ஆளைத் தெரிஞ்சா கூட்டிட்டு வாங்க. அவர் சொன்னாத்தான் இவர் கேப்பார் போல.”

டாக்டர் போய்விட்டார்.

துரு.

மெஷின்காரரின் காதில் அவர் குரலே கேட்டது. ஏதோ கண்காட்சியில் பேரம் பேசி, ஒரு காப்ஸ்யூல் பாட்டில் விலைக்கு ரெண்டு பாட்டில் அடித்துக்கொண்டு வந்த ஜோரில், தம்பி மேஜைமேல் ஒன்றை டொக்கென்று வைத்தாரே. ‘இதைப் போடுடா, மூளை துருவே பிடிக்காது. ரத்தத்தைத் தண்ணியாக்குற அந்த எழவை விட்டுத் தள்ளு!’

சொல்லிவிட்டு ஒரு லேத்துக்கு விலை பேசப் போனவர்தான். அதோடு மறந்தார். ஒரு நாளைக்கு அப்படி நூறு சொல்வார். தம்பி மறக்கவில்லை.

“நீ... முதல்லயே ஏம்மா சொல்லல?” இப்போது குரல் அவருக்கே கேட்கவில்லை.

“ஆம்புலன்ஸ்ல வரும்போது குழறிக் குழறி ஒண்ணே ஒண்ணுதான் மாமா சொன்னார். ‘அண்ணன்கிட்ட சொல்லிடாதே, உடைஞ்சிடுவார்’னு.”

அவள் எழுந்தாள். கதவைத் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டாள்.

“அந்த மேதாவியை உள்ள கூட்டிட்டுப் போங்க மாமா. கையெல்லாம் ஒடிக்க வேணாம். அதே வாயால, ‘நான் சொன்னது தப்புடா தம்பி’ன்னு மட்டும் சொல்ல வைங்க.”