கானா பாசி

கடையில் அன்றைக்கு இருந்தவர்கள்: கல்லாவில் மெஹ்ராஜ் பேகம். அவர் மருமகள் ஷாஜாதி. எதிரில் இட்லிக் கடை போட்டிருக்கும் ரங்கம்மாள். பக்கத்தில் செல்போன் கவர் விற்கும் கண்ணாயிரம், தன் கடையில் ஆள் வராததால் இங்கே வந்து நின்றவன். அப்புறம் ஆணியில் தொங்கிய பாசி, இருபது சரம்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் பேன்சி ஸ்டோர் அது. பாசி வந்தது கானா நாட்டிலிருந்து. ஷாஜாதியின் கணவன் காஜாவுக்கு அங்கே வேலை. அவன் வீட்டுக்குப் பக்கத்தில் அஜோவா என்ற பெண் உடைந்த பாட்டிலை உரலில் இடித்து, சலித்து, மண் அச்சில் கொட்டி, சூளையில் சுட்டு மணி செய்கிறாள். சூளை முன் அவள் நிற்கும் படத்தை ஷாஜாதி சுவரில் ஒட்டியிருந்தாள்.

எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒருவரும் வாங்கவில்லை.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன்," என்றார் மெஹ்ராஜ் பேகம். "அப்பறம் கழட்டிடு. அந்த ஆணியில ஹேர்பேண்டு மாட்டுனா நாலு பேரு வாங்குவாங்க. காஜாகிட்ட சொல்லிடு, இனிமே பார்சல் வேணாம்னு."

"அவ அடுத்த சூளைக்குப் பாட்டில் சேத்துக்கினு கீறா மாமி. நாம வாங்குவோம்னு நான்தான் சொன்னேன்."

"நீ சொல்லுவ. விக்கறது யாரு?"

ரங்கம்மாள் ஒரு சரத்தைக் கழுத்தில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்தாள். அது தொப்புளைத் தொட்டது.

"இன்னாம்மா இது, எருமைக்கு அளவெடுத்தாளா?"

"அக்கா, அப்படியே நில்லுங்க." ஷாஜாதி போட்டோ எடுத்துக் காஜாவுக்கு அனுப்பினாள்.

"இத்தினி சின்ன மணியில ஓட்ட எப்படிப் போட்டா?"

"மரவள்ளிக் காம்ப நட்டு வெச்சி சுடுவாங்களாம். காம்பு எரிஞ்சிடும். ஓட்ட நின்னுடும்."

"மரவள்ளியா?"

ரங்கம்மாள் கல்வராயன் மலைக்காரி. மரவள்ளி பிடுங்கியே வளர்ந்தவள். சுவரில் இருந்த படத்தின் அருகே போனாள். "கையெல்லாம் சூட்டுத் தழும்பு பாரு. என் கை மாதிரியே," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

போன் அடித்தது. ஷாஜாதி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அந்த அக்கா போட்டோவ அஜோவாகிட்ட காட்டுனேன்," என்றான் காஜா. "வயித்தப் புடிச்சிக்கினு சிரிக்கிறா. அது கழுத்துக்கு இல்லியாம். இடுப்புக்காம். துணிக்கு உள்ளாற கட்றதாம். புருஷன் மட்டும்தான் பாப்பானாம்."

கண்ணாயிரம் சிரித்தான். ரங்கம்மாள் அவனை ஒரு முறை முறைத்துவிட்டு, சரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தெருவில் இறங்கினாள். கச்சிராயபாளையம் பஸ் அப்போதுதான் வந்து நின்றது.

"அடுக்குமா இது! இடுப்புல கட்ற பாசியாம்! துணிக்கு உள்ளாறயாம்! நடந்தா சலக்கு சலக்குனு சத்தம் வருமாம்! அதக் கேட்டா வெளிய கெளம்புன புருஷன்கூட வூட்டுக்குத் திரும்பிடுவானாம்! இதப் போய் எதிர்க்கடையில விக்கறாங்களே, கேக்க ஆளு இல்லியா!"

"மானம் போச்சு," என்றார் மெஹ்ராஜ் பேகம். "கழட்டு எல்லாத்தையும்."

"புருஷன் திரும்புவான்னெல்லாம் அவரு சொல்லவே இல்லியே மாமி." ஷாஜாதிக்கு அழுகை வந்தது. சரத்தில் கை வைத்தாள்.

"அது... ஒண்ணு குடும்மா." வாசலில் டெய்லர் செல்லியம்மாள். "எனக்கு இல்ல. நாத்தனார் கேட்டா."

அவள் பின்னால் ஒரு டீச்சர். முதலில் ஹேர்பின் வாங்கினார். பிறகு ரிப்பன். பிறகு மெதுவாக, "அந்தக் கண்றாவி எங்க இருக்கு, பாக்கலாமா?" என்றார். பார்த்தார். இரண்டு வாங்கினார்.

"ஆம்பளைங்க அரணாக்கயிறு கட்டலியா? நாம கட்டுனா இன்னா?" என்றாள் இன்னொருத்தி, யாரும் கேட்காமலே.

கண்ணாயிரமும் ஒன்று வாங்கினான். "வூட்ல கேட்டாங்க." அவன் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. வீட்டில் எப்போது கேட்டார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை.

சங்கராபுரம் பஸ் வந்தது. ரங்கம்மாள் மறுபடி கத்தினாள். திருக்கோவிலூர் பஸ்ஸுக்கு இன்னும் உரக்கக் கத்தினாள். பஸ்ஸுக்குப் பஸ் கூட்டம் வந்தது. நடுவில் மெஹ்ராஜ் பேகம் தண்ணீர் குடிக்க உள்ளே போய், சற்று நேரம் கழித்து வந்து உட்கார்ந்தார்.

விளக்குப் போட்ட பிறகு ரங்கம்மாள் வந்தாள். தொண்டை கட்டியிருந்தது.

"ஏங்க்கா இல்லாததெல்லாம் சொன்னீங்க?" என்றாள் ஷாஜாதி.

"நல்ல பொருளுன்னு நீ சொல்லிப் பாத்தியே, எவ திரும்பினா?" ரங்கம்மாள் செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். "கெட்ட பொருளுன்னு சொன்னாத்தான் ஓடியாறாளுங்க. அந்தக் கானாப் பொண்ண அடுப்பு மூட்டச் சொல்லு. மீதி எத்தினி?"

"பதினெட்டு போச்சு. ரெண்டு இருக்கணும்."

ஆணியில் ஒன்றுதான் தொங்கியது. ரங்கம்மாள் அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். "எங்க ஆளு போய்ச் சேந்து வருஷமாச்சு. சத்தம் கேட்டுத் திரும்பப் போறதில்ல. இருந்தாலும் கட்டிப் பாக்கறேன்."

ஷாஜாதி குனிந்து பெஞ்சுக்கு அடியில் இன்னொன்றைத் தேடினாள்.

"தேடாத," என்று மெஹ்ராஜ் பேகம் கல்லாவை விட்டு எழுந்தார். "காஜாகிட்ட சொல்லு, அடுத்த பார்சல் வரட்டும்."

உள்ளே நடந்தார். சலக்கு, சலக்கு.

மீதி: ஒன்றும் இல்லை.