சீட்டில் இரண்டு தட்டு

பழைய பைக் வாங்கிய மறுநாளே மாசிலாமணியின் மானத்தை வாங்கியது. பிளக்கைக் கழற்றித் துடைத்தான், டேங்குக்குள் வாய்வைத்து ஊதினான், கால் விட்டுப்போகிற அளவுக்கு உதைத்தான். ம்ஹூம்.

"தள்ளுங்க" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள் மனைவி செண்பகம். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள். வண்டியை இடப்பக்கம் நன்றாகச் சாய்த்து நிமிர்த்தினாள். சீட்டில் இரண்டு தட்டுத் தட்டினாள். ஒரே உதையில் வண்டி உறுமியது.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"எல்லா வண்டிக்கும் இப்படித்தானே?"

நேற்று மாசிலாமணி தனியாகப் போய் வாங்கியபோது, வண்டியை விற்றவன் சாவியைக் கொடுத்துவிட்டு, இதே மாதிரி சீட்டை இரண்டு தட்டுத் தட்டித்தான் வழியனுப்பினான். மாசிலாமணி இன்ஜினை அணைத்தான்.

"எங்கே, இன்னொரு தடவை கிளப்பு."

அவள் வண்டியைச் சாய்த்து நிமிர்த்தினாள். சீட்டை நோக்கிப் போன கை பாதியில் நின்றது.