கல்யாணத்தன்று ஓடிய ஆடு

வீட்டுச் சுவர்களே குடும்பக் கதைகளைக் கேட்டுச் சேமித்து வைக்கும் காலம் அது. கதையில் வருகிற எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் கதை பதிவாகும்.

கிறிஸ்துமஸ் அன்று பாளையங்கோட்டையில் கிளாடிஸ் தன் கல்யாணக் கதையைச் சொன்னாள். விருந்துக்குக் கட்டியிருந்த ஆட்டை அண்ணன் அவிழ்த்துவிட, அது நேரே சர்ச்சுக்குள் ஓடியதாம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சாம்ராஜும் ஒத்துக்கொள்ள வேண்டும்" என்றது சுவர்.

அண்ணன் சாம்ராஜ் ஒரு வாய்ச்சண்டைக்குப் பிறகு பல வருடங்களாக அவளிடம் பேசுவதே இல்லை. கிளாடிஸ் தயங்கித் தயங்கிப் போன் செய்து கதையைச் சொன்னாள். அவன் முடிக்கவிடாமல் குறுக்கிட்டான்.

"ஏட்டி, நான் எங்க அவுத்துவிட்டேன்? அதுதான் கயித்தக் கடிச்சு அறுத்துச்சு. போன்ல சொன்னா உனக்கு ஏறாது."

மறுநாள் காலையே மதுரையிலிருந்து வந்து நின்றான். ஆடு துள்ளியதைப் பிள்ளைகளுக்குத் துள்ளியே காட்டினான். சிரித்துச் சிரித்துக் கிளாடிஸின் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"கிளாடிஸ், அண்ணன் சொன்னதை ஒத்துக்கொள்கிறீர்களா?" என்று சுவர் கேட்டது.

அவள் அண்ணனின் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள்.

"இல்ல. அடுத்த கிறிஸ்துமஸுக்கும் அண்ணன் வந்து சொல்லட்டும். அப்புறம் பார்ப்போம்."